விளக்கு விட்டுப் பார்த்தார்களா?

நேற்றுக் காலை கோட்டைப் பக்கம் நடந்துவிட்டு நாம் எல்லோரும் வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்தில் எதைப் போட்டுப் பல் தேய்த்தீர்கள், தலைக்கு எதைத் தேய்த்துக் குளித்தீர்கள் என்று அவர்கள் கேட்கக் கேட்க, நீங்கள் முண்டியடித்துக்கொண்டு பதில் சொன்னீர்கள். அடுப்புக்கரி, செங்கல் தூள், வேப்பங்குச்சி என்று ஏலம் விடாத குறைதான். நம்மை யாராவது ஏதாவது கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்ற சந்தோஷம் உங்கள் முகத்தில் வழிந்தது. பிறகு அந்தக் கண்ணாடி போட்ட பெண் கேட்டாள்: "தானியமெல்லாம் வீட்ல எங்க வெச்சிருந்தீங்க?"

நான் எழுந்து வந்துவிட்டேன். இன்று காலை முழுக்க, உடம்பு சரியில்லையா, பிள்ளை வீட்டில் ஏதாவது சண்டையா என்று விசாரித்துக் குடைந்துவிட்டீர்கள். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. பழைய காலத்தைப் பற்றி யாராவது ஆசையாகக் கேட்டால் எனக்குள் ஒருத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டு, 'இவள் யாருக்காகக் கேட்கிறாள்?' என்று முறைக்கிறாள். அவள் எப்படி வந்தாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். வாயால் சொன்னால் நடுவில் புகுந்து உங்கள் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன், பேசாமல் படியுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலைக்காய் ஆய்ந்து, வீடு முழுக்கச் செம்மண் வாசனையோடு மூட்டைகள் அடுக்கிக் கிடந்த கோடை. எங்கள் வீடு கோட்டை மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த தெருவில், பின்பக்கம் போய் நின்றால் ராஜகிரி மலை தலைக்கு மேல் நிற்கும். வெயிலில் அந்தப் பாறைகள் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் அனல் வீசிக்கொண்டிருக்கும். வீட்டில் நாங்கள் நாலு பேர். நைனா, அம்மா, நான், பெரியப்பா. பெரியப்பா நைனாவைவிட மிகவும் மூத்தவர். பெரியம்மா வெகு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் எங்களோடுதான் சாப்பாடு. அதிகம் பேசமாட்டார்.

நைனா நல்ல உழைப்பாளி. ஆனால் நம் ஊருக்கே உள்ள வியாதி அவருக்கும் இருந்தது. கோட்டையை ஆண்ட ராஜா போகும்போது எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, எல்லாம் மண்ணுக்குள்தான் இருக்கிறது என்ற வியாதி. உங்கள் அப்பாக்களுக்கும் இருந்ததுதானே? ஏர் ஓட்டும்போது கொழுவில் ஏதாவது இடறினால் மாட்டை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்க்காத ஆள் நம் ஊரில் உண்டா? ஊருக்கு வெளியே இருந்த எங்கள் கொல்லை நிலத்தில் இடறியதெல்லாம் கல்தான்.

அந்தக் கோடையில்தான் அந்த அம்மா வந்தார். மெட்ராஸில் ஏதோ காலேஜில் பாடம் நடத்துகிறவர். லீவு முடியும்வரை தங்க வேண்டும் என்று எங்கள் முன்னறையை வாடகைக்கு எடுத்தார். முப்பது வயசு சொல்லலாம். பருத்திப் புடவை, கையில் கடிகாரம், கைப்பிடி வைத்த டேப் ரெக்கார்டர் ஒன்று. ஜனங்கள் முன்பெல்லாம் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யப்போவதாகச் சொன்னார். இரண்டே நாளில் தெரு அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. கேள்வியம்மா.

வந்த அன்றைக்கே நைனா ஆரம்பித்துவிட்டார்.

"உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"மெட்ராஸ்தாங்க."

"அது இப்ப. சொந்த ஊரு?"

"பனமலப் பக்கம்."

"பனமலையில யாரு வூடு?"

"ஏரிக்கரப் பக்கம், ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திக்கொண்டார். நைனா என்ன தெரிந்துகொள்ள அப்படிச் சுற்றி வளைத்தார் என்பது உங்களுக்குப் புரியும். அந்த அம்மாவுக்கும் புரிந்திருக்கிறது. அம்மா மட்டும் அதையெல்லாம் பார்க்காமல் பித்தளை டம்ளரில் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கேள்வியம்மா கேட்டதெல்லாம் யாரும் கேட்காத கேள்விகள். கைக்குழந்தைக்கு எந்தப் பாத்திரத்தில் வெந்நீர் வைப்பீர்கள்? விளக்கு வைத்த பிறகு அடுத்த வீட்டில் உப்பு கேட்கலாமா? வாரும்போது உதிர்ந்த முடியை என்ன செய்வீர்கள்? தீப்பெட்டி இல்லாத காலத்தில் அடுப்புக்கு நெருப்பு எங்கிருந்து வரும்? பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாம்மா, கொட்டாங்குச்சியில ஒரு கங்கு வாங்கியாந்தா ஆச்சு" என்று சொன்னதும், "யாராருக்குக் கங்கு குடுக்க மாட்டீங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. பக்கத்து வீட்டுக்காரி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அன்று அவள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை.

பெரிய ஆட்கள் அந்த டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்து புளுகினார்கள். மூன்று வேளையும் நெல்லுச்சோறுதான் தின்றோம் என்றார்கள். கூழ் குடித்தே வளர்ந்த ஊர் இது. அந்தப் பெட்டி நேராகக் கவர்மெண்டுக்குப் போய்ப் பேசும், நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஒரு கட்சி. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்று இன்னொரு கட்சி.

"கூழு எந்தச் சட்டியில ஊத்துனேன்னு கேக்க எவளாச்சும் மெட்ராஸ்லேர்ந்து பஸ் ஏறி வருவாளா? எதையோ நோண்டுறா" என்று பக்கத்து வீட்டுக்காரி அம்மாவிடம் சொன்னாள். நைனா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நோண்டுகிறாள் என்ற சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். "பாப்பா, நீ சின்னப் புள்ள. கிட்டப் போயி ஒக்காந்தாலும் ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்தம்மா இன்னா கேக்குது, உங்கம்மா இன்னா சொல்லுதுன்னு கவனிச்சி எங்கிட்ட வந்து சொல்லு. நுங்கு வாங்கித் தரேன்."

நுங்கே வேண்டாம், நான் சும்மாவே செய்திருப்பேன். அத்தனை பிடித்த வேலை எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பின்னும் கிடைக்கவில்லை. கேள்வியம்மா நடந்தால் பின்னால் நடந்தேன். குளிக்கப் போனால் வாளிச் சத்தத்தைக் கவனித்தேன். அவரைப் பற்றி நான் கண்டுபிடித்த முதல் விஷயம் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். மெட்ராஸிலிருந்து வருகிற எவரும் பஸ்ஸை விட்டு இறங்கினதும் அண்ணாந்து கோட்டையைப் பார்ப்பார்கள். இந்த அம்மா ஒரு நாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. எந்த வீட்டுக்குள் போனாலும் தரையைத்தான் பார்த்தார். மாட்டுக்கொட்டகை, பின்கட்டு, நெல் அடிக்கும் இடம், எல்லா இடத்திலும் தரை.

நைனாவிடம் சொன்னேன். அவர் கண் ஒரு மாதிரி ஆனது. "தரையவா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அம்மாவிடம் வந்த மாற்றம் வேறு. அம்மாவை அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, சோறு ஆச்சா என்பதைத் தவிர. கேள்வியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எப்படிச் செய்வீங்க அக்கா?" என்று கேட்டதும், முதல் நாள் அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நாலாம் நாள் அவளே கூப்பிட்டு, "டீச்சரம்மா, நேத்து ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றாள். அவள் பேசுவதைக் கேட்க எனக்கு ஆசையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என்னிடம் அவள் அதெல்லாம் சொன்னதே இல்லை.

ஒரு மத்தியானம் இரண்டு பேரும் விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தேன்.

"கேவுரு எங்கக்கா வெப்பீங்க?"

"இப்ப குதிருலதான். எங்கம்மா வூட்டுல, வல்லத்தாண்ட, குழி இருந்திச்சி. தரைக்குள்ள வெட்டியிருப்பாங்க. வாய் சின்னதா இருக்கும், உள்ள போகப் போகப் பான கணக்கா அகலம். வைக்கோல் சுத்திக் கேவுரக் கொட்டி, கல்லப் போட்டு மூடி மண்ணு பூசிட்டா ஒரு புழு அண்டாது."

"எடுக்கணும்னா யாரு எறங்குவா?"

அம்மாவின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "வாய் சின்னதாச்சே, பெரியாளு போவ முடியாது. பண்ணையில வேல செய்யிறவங்க புள்ளைங்களத்தான் கவுத்துல கட்டி எறக்குவாங்க."

"எறக்கறதுக்கு முன்னாடி?"

"கல்ல எடுத்துத் தொறந்து போடுவாங்க. உள்ள காத்து கெட்டுக் கெடக்கும். அப்பறம் வெளக்கு வுட்டுப் பாப்பாங்க. அடி வரைக்கும் போயி வெளக்கு நின்னு எரிஞ்சா எறக்கலாம். அணஞ்சிட்டா யாரையும் எறக்கக் கூடாது. உள்ள போனா மூச்சு நின்னுடும்."

மல்லாட்டை உடைபடும் சத்தம் ஒரு பக்கம் நின்றுவிட்டது.

"எல்லா வூட்டுலயும் வெளக்கு வுட்டுப் பாப்பாங்களா அக்கா?"

"பாக்கணுமே. இல்லன்னா எப்படி?"

"இந்த வூட்டுல குழி இருந்திச்சா?"

"தெரியலம்மா. நான் வந்ததுலேர்ந்து குதிருதான். எங்க மூத்தாரு, பாப்பாவோட பெரியப்பாவக் கேட்டா தெரியும்."

நான் ஓடிப்போய் நைனாவிடம் சொன்னேன். கேட்டது கேட்டபடி, கேழ்வரகு, வைக்கோல், கெட்ட காற்று எல்லாவற்றையும்தான் சொன்னேன். அவர் காதில் இரண்டுதான் விழுந்தது. இந்த வீட்டில் குழி இருந்ததா? விளக்கு விட்டுப் பார்த்தார்களா?

"புதையலுக்குத்தான் வெளக்கு வுடுவாங்க பாப்பா" என்றார் மெதுவாக. "பொதச்சி வெச்ச எடத்துல காவல் இருக்கும். வெளக்கக் கிட்ட கொண்டுபோனா அது ஊதி அணச்சிடும். அணஞ்சா அதான் எடம்."

"காத்து கெட்டிருக்கும்னு அம்மா சொன்னாங்களே?"

"அது கேவுருக் குழிக்கு. இது வேற."

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் அவர் அப்படி நினைக்க எங்கள் வீட்டிலேயே ஒரு காரணம் இருந்தது. மாட்டுக்கொட்டகையில் வடக்கு மூலையில் ஒரு நாளும் மாடு கட்டமாட்டார்கள். இடம் போதாமல் கன்றுக்குட்டியை வெளியே வெயிலில் கட்டுவார்களே தவிர, அந்த மூலை சும்மா கிடக்கும். நைனா சின்ன வயதில் அங்கே கோலி விளையாடியதற்குத் தாத்தாவிடம் தோல் உரிய அடி வாங்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு இன்னொரு அடி. எதையாவது பேசக்கூடாது என்று ஒரு வீட்டில் அடித்து வைத்தால், அது என்னவாக இருக்கும் என்று நம் ஊர்ப் பிள்ளை வேறெப்படி நினைப்பான்? தங்கம் என்றுதான் நினைப்பான்.

பெரியப்பா அந்த மூலைப் பக்கம் கால்கூட வைக்கமாட்டார். சாணி அள்ள உள்ளே போனால் சுவரோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டு வருவார். அதோடு இன்னொன்று. அம்மா விளக்கு ஏற்றும் நேரத்துக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார். சாராயத்துக்குப் போகிறார் என்று தெருவில் பேச்சு. நான் ஒரு நாள் பின்னாலேயே போனேன். செட்டிகுளத்துப் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாத ஆள்மேல் எனக்கு இன்னும் சந்தேகம் வந்தது.

கேள்வியம்மா அவரை மடக்கிக் கேட்டதையும் பார்த்தேன். "பெரியவரே, இந்த வூட்டுல கேவுருக் குழி..." அவ்வளவுதான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று எழுந்து போய்விட்டார். மாடு தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை.

அதையும் போய்ச் சொன்னேன். நைனா பல்லைக் கடித்தார். "அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியாம எடுத்துக்கப் பாக்குறாரு. ஊருக்குப் புதுசா வந்தவளுக்குத் தெரியுது, கூடப் பொறந்தவனுக்குச் சொல்ல மாட்டேங்கறாரு." அதுவரை பெரியப்பா சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுகிறவர், அன்று முதல் அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஒரே கூரைக்குக் கீழே எல்லோரும் எல்லோரையும் வேவு பார்த்தோம். பூனை நடந்தால்கூட யார் அது என்று நைனா கேட்பார்.

கேள்வியம்மா மண்டகப்பட்டுப் பக்கம் யாரையோ பார்க்கப் பஸ் ஏறிப் போன நாள். பெரியப்பா கொல்லைக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். அம்மா துணி மூட்டையோடு குளத்துக்குப் போனாள். நைனா கடப்பாரையை எடுத்தார். என்னைக் கொட்டகைக் கதவுக்குக் காவல் வைத்தார்.

மூலையில் மண் இறுகிக் கிடந்தது. அவருக்கு வேர்த்து வேர்த்து வேட்டி ஒட்டிக்கொண்டது. இடுப்பளவுக்கும் கொஞ்சம் குறைவாக வெட்டியதும் கடப்பாரை கல்லில் பட்டது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கையாலேயே மண்ணைத் தள்ளினார். பலகைக்கல், சுற்றிலும் களிமண் பூசி அடைத்திருந்தது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் நகர்ந்ததும் உள்ளே இருந்து புளித்த கூழும் ஈர வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு நாற்றம், சூடாக வந்தது. கீழே ஒரே இருட்டு.

நைனா தலையை விட்டுப் பார்த்தார். தோள் போகவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா, பயமா இருக்குதா?"

"இல்ல நைனா."

உண்மையாகவே பயமில்லை. காசுமாலை ஒன்று எனக்கு என்று மனதுக்குள் எடுத்து வைத்துவிட்டேன். கிணற்றுத் தாம்புக் கயிற்றைக் கொண்டுவந்து என் இடுப்பிலும் தோளிலுமாகக் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிள்ளைமேல் பாசம் இல்லாதவர் இல்லை அவர். நான் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டேன். பாதத்தில் சூடு ஏறியது.

அப்போது அம்மா வந்துவிட்டாள். சோப்பை மறந்துவிட்டுப் போனதால் திரும்பி வந்தவள். துணி மூட்டையைக் கொட்டகை வாசலில் போட்டாள். கத்தவில்லை. நேராக வந்து என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி வெளியே வைத்தாள். அடுப்படிக்குப் போய் அரிக்கேன் விளக்கை எடுத்து, அந்தப் பட்டப்பகலில் திரியை ஏற்றிக்கொண்டு வந்தாள். அது கண்ணாடியில் கீறல் விழுந்து, கிருஷ்ணாயில் நாற்றம் அடிக்கும் பழைய விளக்கு. என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதன் கைப்பிடியில் கட்டினாள். முதல் முடிச்சு விழவில்லை, திரும்பக் கட்டினாள்.

"இன்னா செய்யிற நீ?" என்றார் நைனா.

"வெளக்கு வுட்டுப் பாக்காம பெத்த பொண்ண எறக்குறியா?" அம்மா நைனாவை ஒருமையில் பேசி அன்றுதான் கேட்டேன்.

விளக்கு இறங்கியது. மஞ்சள் வெளிச்சத்தில் குழியின் வயிறு தெரிந்தது, கறுத்துப்போன வைக்கோல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் சுடர் சிறுத்தது, நீலமாகி ஒரு பொட்டு அளவுக்கு வந்தது, பட்டென்று போய்விட்டது.

அம்மா என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். நைனாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா! ஊதி அணச்சிடுச்சி பாத்தியா! காவல் இருக்குது. எடம் இதான். ஒரு சேவல அறுத்துக் காட்டிட்டு எறக்கினா..."

"காவலும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா."

பெரியப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். காலெல்லாம் சேறு. கல்லில் கடப்பாரை பட்ட சத்தம் கொல்லைவரைக்கும் கேட்டிருக்காது. ஏன் வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கயிற்றையும், அணைந்த விளக்கையும், என்னையும் பார்த்தார். மண் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வளர்ந்த ஆண்பிள்ளை வாய்விட்டு அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அழுது முடித்த பிறகு சொன்னார். நைனா அப்போது பிறக்கவில்லை. பெரியப்பாவுக்கு என் வயது. குளத்துக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து பண்ணை வேலைக்கு வரும் குடும்பத்தில் ஒரு பையன், இவர் வயதுதான். மாடு மேய்க்கவும் சேர்ந்துதான் போவார்கள், நுங்கு வண்டியும் சேர்ந்துதான் ஓட்டுவார்கள். குழியைத் திறந்த அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது, கேழ்வரகு ஏற்ற வந்த வண்டிக்காரன் அவசரப்படுத்தினான்.

"வெளக்கு எடுத்தாடான்னு எங்கப்பா என்னத்தான் அனுப்புனாரு. நான் உள்ள ஓடி எண்ண ஊத்தித் திரிய ஏத்தி, காத்துல அணையாம கையால மறச்சிக்கினு வரேன். வந்து பாத்தா கவுறு ஆடாம தொங்குது. நான் வர்றதுக்குள்ள எறக்கிட்டாங்கடா. மழ வந்துரும்னு எறக்கிட்டாங்க."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஜனம் கூடுனப்ப எங்கப்பா சொன்னாரு, வெளக்கு வுட்டுத்தான் பாத்தோம், நல்லா நின்னு எரிஞ்சிச்சி, பையந்தான் இருட்டப் பாத்துப் பயந்து செத்துட்டான்னு. எங்கிட்ட கேட்டாங்க. என் கையில வெளக்கு எரிஞ்சிக்கினு இருக்குது. வெளக்கப் பாத்துட்டு எல்லாரும் நம்பிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

பையனின் உடலை மேலே எடுத்ததும் குழியை அன்றே கேழ்வரகோடு மூடிவிட்டார்களாம். அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

"பனமலைக்கு" என்றாள் அம்மா, கேள்வியம்மாவின் முன்னறைப் பக்கம் பார்த்து.

நைனா வெட்டிப்போட்ட மண்மேல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், குழியில் தொங்கவிட்டிருந்த காலை. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது பிறகுதான், பெரியவளாகி எனக்கு ஒரு பெண் பிறந்த பிறகு. அவர் காலமாகி வெகு நாள் ஆகிறது, அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

பொழுது சாய்ந்து கேள்வியம்மா வந்தார். அம்மா விளக்கு ஏற்றினாள். பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போடவில்லை. முன்னறை வாசலில் போய் நின்று, "ஒக்காரும்மா, நீ கேட்டதுக்கு பதில் சொல்றேன்" என்றார். அந்த அம்மா பழக்கத்தில் டேப் ரெக்கார்டர் பக்கம் கையைக் கொண்டுபோய், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பெரியப்பா எங்களிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். கேட்டு முடிக்கும்வரை கேள்வியம்மாவின் முகம் அசையவில்லை.

"அவுரு எங்க மாமா. எங்கம்மாவுக்குத் தம்பி" என்றார். "பயந்து செத்த பையனோட அக்கான்னுதான் எங்கம்மாவச் சொல்லுவாங்க. இருட்டுன பின்னால வெளிய போறதுக்கு நாங்க தயங்குனாக்கூட, உங்க மாமன் மாதிரிதான நீங்கன்னு கேலி பண்ணுவாங்க. எந்தம்பி பாம்பக்கூட வால்ல புடிச்சித் தூக்குவான், பயப்படற புள்ள இல்லன்னு எங்கம்மா யாருகிட்ட சொன்னாலும் நம்பல. வெளக்கு வுட்டாங்களான்னு மட்டும் கேட்டுட்டு வாடின்னு சாவுற வரைக்கும் சொல்லிச்சி."

"எந்த வூடுன்னு தெரிஞ்சிதான் வந்தியாம்மா?" என்றார் பெரியப்பா.

"தெரியாது. கோட்டைக்குக் கீழ, கொட்டாயில குழி இருந்த வூடுன்னு மட்டும் தெரியும். நேராக் கேட்டா யாராச்சும் சொல்லுவாங்களா? அதான் உப்பு, கங்கு, கூழுன்னு எல்லாத்தையும் கேட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "வுடலன்னு நீங்க ஒருத்தர் சொன்னா போதும்" என்றார்.

"வுடலம்மா" என்றார் பெரியப்பா. "அவன் பயப்படற பய இல்ல."

அப்போதுதான் அந்த அம்மா அழுதார். என் அம்மா அதே பித்தளை டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நைனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு யார் வீடு என்று தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

தெருவுக்கு இது எதுவும் தெரியாது. எங்கள் கொட்டகையிலிருந்து மண் வந்ததைப் பார்த்தார்கள், கேள்வியம்மா பெட்டியோடு பஸ் ஏறியதைப் பார்த்தார்கள். போதாதா? புதையலை வாரிக்கொண்டு போய்விட்டாள் என்று பேசினார்கள். உங்களில் ஒருவரே போன வருடம் என்னிடம் அதைக் கேட்டார், 'உங்க வூட்ல எடுத்த தங்கம்' என்று. நான் சிரித்து மழுப்பினேன். அந்த இடத்தில் இப்போது, அதற்கப்புறம் பிறந்த என் தம்பியின் மகன் டைல்ஸ் போட்டு வண்டி நிறுத்துகிறான். அரிக்கேன் விளக்கு எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது.

இனி அந்தக் கண்ணாடி போட்ட பெண் வந்தால் இதைக் கொடுங்கள். அவள் வெறும் பாடத்துக்காகத்தான் கேட்டிருப்பாள். இருந்தாலும் முதலில் யார் வீட்டுப் பெண் என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்காகக் கேட்கிறாய் என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. பெரியப்பா பதில் சொன்ன பிறகு கேள்வியம்மா உடனே கிளம்பவில்லை. குழியைத் திறந்தே போட்டு வைக்கச் சொன்னார். பெரியப்பா கயிற்றில் வேப்பந்தழையைக் கட்டிக் காலையிலும் மாலையிலும் உள்ளே இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, கெட்ட காற்றை வெளியே தள்ளினார். நாற்றம் போய், வேப்பிலை வாசனை வர ஆரம்பித்தது. பிறகு ஒரு நாள் சாயந்திரம் எங்கள் எல்லோரையும் கொட்டகைக்குக் கூப்பிட்டார். விளக்கை அவரே ஏற்றினார். அவர் விளக்கு ஏற்றி நான் பார்த்தது அது முதல் தடவை. கயிற்றின் ஒரு பக்கத்தை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, இரண்டு பேருமாக மெல்ல விட்டார்கள். வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது. அன்று அணைந்த இடத்தைத் தாண்டியது. அடியில் போய் உட்கார்ந்தது. சுடர் ஆடாமல் நின்று எரிந்தது.

வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த அம்மா கயிற்றை விடவில்லை. பெரியப்பா குழியின் விளிம்பில் குனிந்து, பக்கத்தில் இருக்கிறவனிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"இப்ப எறங்குடா."